பெரிக்கிளீஸின் புகழ்: ஆக்கமும் மறைவும் மீட்பும்

ஆய்வுச் சுருக்கம்

கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ஏதென்ஸ் நகர அரசை வழிநடத்திய பெரிக்கிளீஸ், மக்களாட்சியின் முன்மாதிரித் தலைவராக இன்று அறியப்படுகிறார். இப்புகழ் அவர் காலந்தொட்டு இடையறாது வந்தது என்பது பொதுவான எண்ணம். ஆயினும், சமகால நாடகங்கள் அவரை எள்ளின. பிளாட்டோ அவரைக் குறைகூறினார். 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் ஐரோப்பிய, அமெரிக்க அரசியல் எழுத்தாளர்கள் அவரை எச்சரிக்கைக்குரிய சான்றாகக் காட்டினர். அவரது இன்றைய புகழ் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டில் மீட்டெடுக்கப்பட்டது. அப்புகழ் எவ்வாறு உருவாயிற்று, ஏன் மங்கிற்று, எந்தத் தேவையால் மீண்டது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பெரிக்கிளீஸ், துசிடிடீஸ், புளூட்டார்க், இரங்கலுரை, ஏதென்ஸ் மக்களாட்சி, ஏற்பு வரலாறு

முன்னுரை

ஓர் ஆட்சியாளரின் புகழ் அவர் செய்த செயல்களின் நேரடி விளைவு என்று கருதுவது இயல்பு. செயல் பெரிதாயின் புகழும் பெரிதாகும். புகழ் நீடித்தால் செயல் உண்மையிலேயே பெரிது என்று முடிவுசெய்யப்படும். வரலாற்று ஆய்வில் இந்த இரண்டாவது முடிவு தவறான இடத்திற்கு இட்டுச்செல்லக்கூடும். புகழைச் சுமந்துவருவன பெரும்பாலும் எழுத்துகளும் கட்டடங்களும் ஆகும். எந்த எழுத்து எஞ்சியது, எந்தக் கட்டடம் நின்றது, பிற்காலத்தார் எதைத் தேடி அவற்றிடம் சென்றனர் என்பவையே புகழின் வடிவத்தை முடிவுசெய்கின்றன.

இதனை ஆராய்வதற்குப் பெரிக்கிளீஸ் மிகப் பொருத்தமான சான்றாவார். அவர் நூல் எதையும் எழுதவில்லை. மக்கள் மன்றத்தில் அவர் முன்மொழிந்த தீர்மானங்களைத் தவிர எழுத்து வடிவில் எதையும் விட்டுச்செல்லவில்லை என்று புளூட்டார்க் குறிப்பிடுகிறார். எனவே இன்று அறியப்படும் பெரிக்கிளீஸ் முழுவதும் பிறர் எழுத்தில் வாழ்பவர். அவ்வெழுத்துகளோ ஒன்றோடொன்று முரண்படுகின்றன. அம்முரண்களைக் கால வரிசையில் காண்பதன்வழி, ஒரு புகழ் எவ்வாறு கட்டப்பட்டது என்பதைத் தெளியலாம்.

பெரிக்கிளீஸின் வாழ்வும் காலமும்

பெரிக்கிளீஸ் ஏறத்தாழ கி.மு. 495இல் பிறந்தார். தந்தை சாந்திப்பஸ், கி.மு. 479இல் மைக்கேலில் பாரசீகரை வென்ற கிரேக்கப் படையில் ஏதென்ஸ் பிரிவின் தலைவர். தாய் அகரிஸ்ட்டி, ஏதென்ஸ் மக்களாட்சிக்கு அடித்தளமிட்ட கிளெயிஸ்தனீஸின் உடன்பிறந்தார் மகள். கி.மு. 472இல் எஸ்கிலஸின் ‘பாரசீகர்’ நாடகம் அரங்கேறியபோது அதற்கான செலவைப் பெரிக்கிளீஸ் ஏற்றார் என்பது கல்வெட்டுச் சான்றால் தெரியவருகிறது. பொதுவாழ்வில் அவரைப் பற்றி உறுதியாகக் கிடைக்கும் முதற்செய்தி இதுவே.

கி.மு. 462/461இல் எஃபியால்டீஸ் என்பவர் மேட்டுக்குடியினரின் அவையான ஏரியோபகஸின் அதிகாரங்களைக் குறைத்தார். பெரிக்கிளீஸ் அவரைச் சார்ந்து நின்றார். பின்னர், நீதிமன்றங்களில் நடுவராக அமரும் குடிமக்களுக்குப் படி வழங்கும் முறையைக் கொணர்ந்தார். அன்றாட உழைப்பால் பிழைப்போரும் பொறுப்பேற்க இது வழிவகுத்தது. கி.மு. 451/450இல், தாய் தந்தை இருவரும் ஏதென்ஸ் குடிவழியினராக இருந்தால் மட்டுமே குடியுரிமை உண்டு என்னும் சட்டத்தையும் அவரே முன்மொழிந்தார்.

அவர் வகித்த பதவி ‘ஸ்ட்ரட்டெகோஸ்’ எனப்பட்ட படைத்தலைவர் பதவியாகும். ஆண்டுதோறும் பத்துப் படைத்தலைவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். சட்டப்படி அவர் அந்தப் பதின்மரில் ஒருவரே. ஆனால் கி.மு. 443 அளவில் அவரது முதன்மை எதிரியான, மெலீசியஸின் மகன் துசிடிடீஸ் ஓட்டுச்சில்லு வாக்கெடுப்பால் நாடு கடத்தப்பட்ட பின்னர், பெரிக்கிளீஸ் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து அப்பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டதாகப் புளூட்டார்க் கூறுகிறார். நாடு கடத்தப்பட்ட இவரும் வரலாற்றாசிரியர் துசிடிடீஸும் வெவ்வேறு மனிதர்கள்.

பாரசீகரை எதிர்க்க அமைந்த டெலோஸ் கூட்டணியின் கருவூலம் கி.மு. 454இல் ஏதென்ஸுக்கு மாற்றப்பட்டது. கூட்டாளி நகரங்கள் செலுத்திய பணம் படிப்படியாகத் திறையாக மாறிற்று. கி.மு. 440இல் பிரிந்துசெல்ல முயன்ற சாமோஸ் தீவைப் பெரிக்கிளீஸ் படைகொண்டு அடக்கினார். கி.மு. 447இல் பார்த்தெனான் கோயிலின் பணி தொடங்கிற்று. கி.மு. 431இல் ஸ்பார்ட்டாவுடன் போர் மூண்டது. அடுத்த ஆண்டு கொள்ளைநோய் பரவிற்று. மக்கள் சினமுற்று அவரைப் பதவியிலிருந்து நீக்கித் தண்டமும் விதித்தனர். பின்னர் மீண்டும் தேர்ந்தெடுத்தனர். கி.மு. 429இல் அவர் இறந்தார்.

நாடக மேடையில் பெரிக்கிளீஸ்

பெரிக்கிளீஸ் வாழ்ந்த காலத்திலேயே அவரைப் பற்றி எழுதியோருள் நகைச்சுவை நாடக ஆசிரியர்கள் குறிப்பிடத்தக்கவர்கள். அவர்களிடம் புகழுரை அரிது. கிரேட்டினஸ் அவரது நீண்ட தலையைக் கேலிசெய்தார். அவர் எழுப்பிய ஒடெயான் இசையரங்கத்தைத் தலையில் கவிழ்த்தவராக மேடையில் காட்டினார். வானில் இடி முழக்கும் ஸூஸ் கடவுளோடு ஒப்பிட்டு அவரை ‘ஒலிம்பியன்’ என்று அழைத்தனர். இப்பெயர் பிற்காலத்தில் பெருமைக்குரிய பட்டமாகக் கொள்ளப்பட்டது. மேடையிலோ அது தன்னைக் கடவுளாக எண்ணிக்கொள்பவர் என்னும் குத்தலையும் உட்கொண்டிருந்தது.

பெரிக்கிளீஸ் இறந்து நான்கு ஆண்டுகளுக்குப்பின், கி.மு. 425இல் அரங்கேறிய அரிஸ்டோஃபனீஸின் ‘அக்கார்னியர்’ நாடகம், அவருடைய துணைவி அஸ்பேசியாவின் வீட்டுப் பெண்கள் இருவர் கடத்தப்பட்டதற்காகவே பெரும்போர் தொடங்கிற்று என்று நகையாடுகிறது. இது மேடைக்கான கேலி. போர்க்காரணம் பற்றிய சான்று ஆகாது. எனினும், தனிப்பட்ட காரணத்திற்காக நாட்டைப் போரில் தள்ளியவர் என்னும் குற்றச்சாட்டு நாடகத்தைக் கடந்து வரலாற்று நூல்களில் புகுந்தது.

அதே மேடையில் மற்றொரு குரலும் எழுந்தது. யூப்போலிஸ் தம் ‘டெமோய்’ நாடகத்தில் சோலோன், மில்டியாடிஸ், அரிஸ்டைடிஸ் ஆகியோருடன் பெரிக்கிளீஸையும் கீழுலகிலிருந்து மீட்டு அழைத்துவருகிறார். போர் நீடித்து நெருக்கடி மிகுந்தபோது, உயிருடன் இருந்தபோது எள்ளப்பட்டவர் இழந்துவிட்ட நற்காலத்தின் அடையாளமானார். அவரது புகழின் முதல் வடிவம் இந்த ஏக்கத்தில் தோன்றிற்று எனலாம்.

துசிடிடீஸ் வரைந்த உருவம்

பெரிக்கிளீஸின் புகழுக்கு நிலையான அடித்தளம் அமைத்தவர் வரலாற்றாசிரியர் துசிடிடீஸ். இவர் கி.மு. 424இல் ஏதென்ஸின் படைத்தலைவராக இருந்து, ஆம்ஃபிபொலிஸ் நகரை இழந்ததற்காக நாடு கடத்தப்பட்டவர். இவரது நூலில் பெரிக்கிளீஸ் மூன்று நேருரைகளை ஆற்றுகிறார். முதலுரை போரை ஏற்குமாறு வற்புறுத்துகிறது. இரண்டாவது, போரின் முதலாண்டில் இறந்தோர்க்கான இரங்கலுரை. மூன்றாவது, கொள்ளைநோயின்போது சினமுற்ற மக்களை நோக்கிய தற்காப்புரை.

இவ்வுரைகளை எவ்வாறு எழுதினார் என்பதைத் துசிடிடீஸ் தம் நூலின் தொடக்கத்திலேயே வெளிப்படையாக விளக்குகிறார். கேட்டவற்றைச் சொல்லுக்குச் சொல் நினைவில் வைப்பது அரிதாயிருந்தது. எனவே உண்மையில் பேசப்பட்டதன் பொதுக்கருத்துக்கு இயன்றவரை நெருங்கி, அவ்வச்சூழலுக்குத் தேவையானவற்றைப் பேச்சாளர் கூறுவதுபோல் அமைத்ததாக அவர் குறிப்பிடுகிறார். ஆகவே உலகப்புகழ் பெற்ற இரங்கலுரையில் எவ்வளவு பெரிக்கிளீஸுடையது, எவ்வளவு துசிடிடீஸுடையது என்று பிரித்தறிய இயலாது.

இரங்கலுரை மாண்டவர்களைச் சுருக்கமாகவும் ஏதென்ஸை விரிவாகவும் புகழ்கிறது. நகரின் அரசமைப்பு, சட்டத்தின்முன் சமநிலை, தனிவாழ்வில் சகிப்பு, பொதுவாழ்வில் பங்கேற்பு ஆகியவை அதன் பொருள்கள். பிற்காலத்தார் இவ்வுரையைத் தனியே எடுத்துப் படித்தனர். ஆனால் துசிடிடீஸின் நூலில் அதனை அடுத்து உடனடியாக வருவது கொள்ளைநோயின் விவரிப்பு. உரை போற்றிய ஒழுங்கும் சட்டமதிப்பும் நோயின்முன் குலைவதை அப்பகுதி காட்டுகிறது. இவ்வடுத்தடுத்த அமைப்பை விட்டுவிட்டு உரையை மட்டும் பெயர்த்தெடுத்தால், ஆசிரியரின் நோக்கத்தில் பாதி மறைந்துவிடும்.

மூன்றாவது உரை இன்னும் குறிப்பிடத்தக்கது. ஏதென்ஸ் கூட்டாளிகள்மீது செலுத்தும் ஆட்சி கொடுங்கோன்மையை ஒத்தது என்பதைப் பெரிக்கிளீஸே அதில் ஒப்புக்கொள்கிறார். ஆயினும் அதனை இனிக் கைவிடுவது ஆபத்து என்று எச்சரிக்கிறார். இரங்கலுரை நூற்றாண்டுகள்தோறும் மேற்கோளானது. இவ்வொப்புதல் அவ்வாறு பரவவில்லை. புகழ் தனக்கு வேண்டியதைத் தேர்ந்துகொள்ளும் முறைக்கு இது தெளிவான சான்று.

பெரிக்கிளீஸின் மறைவைக் கூறுமிடத்தில் துசிடிடீஸ் தம் மதிப்பீட்டைத் தருகிறார். பெயரளவில் மக்களாட்சியாக இருந்தது நடைமுறையில் முதற்குடிமகனின் ஆட்சியாக மாறிக்கொண்டிருந்தது என்பதும், பின்வந்தோர் மக்களின் விருப்பத்திற்கு வளைந்ததால் நாடு வீழ்ந்தது என்பதும் அதன் சாரம். இது பெரிக்கிளீஸுக்குப் பாராட்டு. மக்களாட்சிக்குப் பாராட்டு ஆகுமா என்பது ஐயத்திற்குரியது. அவரை மக்களாட்சியின் தலைவராகக் கொள்வோரும், மக்களைக் கட்டுக்குள் வைத்த தனித்தலைவராகக் கொள்வோரும் இந்த ஒரே பகுதியையே சான்றாகக் காட்டிவருகின்றனர்.

துசிடிடீஸ் கூறாமல் விட்டவையும் உண்டு. குடியுரிமைச் சட்டம் பற்றியும் அஸ்பேசியா பற்றியும் அவர் எதுவும் கூறவில்லை. அக்ரோபொலிஸ் கட்டடப் பணிகளை மிகக் குறைவாகவே சுட்டுகிறார்.

தத்துவவாதிகளின் மறுப்பும் ஏற்பும்

கி.மு. 4ஆம் நூற்றாண்டில் பிளாட்டோ இவ்வுருவத்தை நேரடியாக எதிர்த்தார். ‘கோர்கியாஸ்’ உரையாடலில், பொதுப்பணிக்குப் படி வழங்கியதன்வழிப் பெரிக்கிளீஸ் மக்களைச் சோம்பலுக்கும் வெற்றுப்பேச்சுக்கும் பணத்தாசைக்கும் ஆளாக்கினார் என்னும் குற்றச்சாட்டு இடம்பெறுகிறது. நல்ல மேய்ப்பனிடம் வளரும் விலங்கு சாந்தமடைய வேண்டும்; பெரிக்கிளீஸின் இறுதிக்காலத்தில் மக்கள் அவரையே தண்டித்தனர்; எனவே அவர் நல்ல மேய்ப்பர் அல்லர் என்பது அங்கு எழும் வாதம். ‘மெனெக்செனஸ்’ உரையாடல், பெரிக்கிளீஸின் இரங்கலுரையை உண்மையில் இயற்றியவர் அஸ்பேசியா என்று அங்கதமாகக் கூறுகிறது. ‘ஃபீட்ரஸ்’ உரையாடலோ, அனாக்சகோரஸிடம் கற்ற இயற்கைத் தத்துவத்தால் பெரிக்கிளீஸ் சொல்வன்மையில் நிறைவு எய்தியதாகக் கூறுகிறது. அதனையும் அங்கதமாகக் கொள்வோர் உளர்.

அரிஸ்டாட்டில் தம் ஆசிரியரிடமிருந்து வேறுபட்டார். ‘நிக்கோமாக்கிய அறவியல்’ ஆறாம் நூலில், செயலறிவு உடையோர்க்கு எடுத்துக்காட்டாகப் பெரிக்கிளீஸ் போன்றோரை அவர் சுட்டுகிறார். தமக்கும் மாந்தர்க்கும் எது நன்மை என்று காணவல்லவர் என்பதே அதற்குரிய காரணம். அரிஸ்டாட்டிலின் பெயரால் வழங்கும் ‘ஏதென்ஸ் அரசமைப்பு’ இவ்வளவு கனிவுடையதன்று. நீதிமன்றப் படியை, செல்வர் கிமோனின் கொடைக்கு எதிராகப் பொதுப்பணத்தைக் கொண்டு மக்களை ஈர்த்த உத்தியாக அது விளக்குகிறது. இந்நூலின் பாப்பிரஸ் படி 1891இல்தான் அச்சேறியது என்பதும் நினைவிற்குரியது. 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் பெரிக்கிளீஸின் புகழை மீட்டெழுதியோர்க்கு இந்நூல் முழுமையாகக் கிட்டவில்லை.

புளூட்டார்க்கும் கற்சான்றும்

பெரிக்கிளீஸ் இறந்து ஐந்து நூற்றாண்டுகளுக்குப் பின்னர், உரோமைப் பேரரசின் ஆட்சிக்கு உட்பட்ட கிரேக்கத்தில் புளூட்டார்க் அவரது வாழ்க்கை வரலாற்றை எழுதினார். ஹன்னிபாலுக்கு எதிராகப் பொறுமையாகப் போர்புரிந்த உரோமைத் தலைவர் ஃபாபியஸ் மாக்சிமஸுடன் அவரை இணைவைத்தார். துசிடிடீஸ், பிளாட்டோ, நாடக ஆசிரியர்கள், இன்று எஞ்சாத வரலாற்றாசிரியர்கள் எனப் பலரிடமிருந்தும் அவர் செய்தி திரட்டினார். சிதைந்துபோன நாடகங்களின் பல வரிகள் அவர் மேற்கோள் காட்டியதனாலேயே இன்று கிடைக்கின்றன. பெரிக்கிளீஸின் புகழையும் அதற்கு எதிரான ஏளனத்தையும் ஒருசேரக் காத்தவர் புளூட்டார்க் ஆவார்.

கட்டடங்களைப் பெரிக்கிளீஸின் முதன்மைப் புகழாக ஆக்கியவரும் அவரே. கூட்டாளிகளின் பணத்தை எடுத்து நகரை ஒப்பனை செய்வதாக எதிரிகள் குற்றஞ்சாட்டியதையும், பாதுகாப்பை அளிக்கும்வரை அப்பணத்திற்குக் கணக்குக் கூறவேண்டியதில்லை என்று பெரிக்கிளீஸ் விடையளித்ததையும் அவர் விவரிக்கிறார். குறுகிய காலத்தில் எழுந்த அக்கட்டடங்கள் தம் காலத்திலும் புதுமை குன்றாதிருப்பதாக வியக்கிறார். இவ்வியப்புக்கு எதிரான குரலும் பழங்காலத்தில் இருந்தது. புரொப்பிலேயா வாயிலுக்கு இவ்வளவு பணத்தைச் செலவிட்டதற்காக ஃபாலரானைச் சேர்ந்த டெமெட்ரியஸ் பெரிக்கிளீஸைப் பழித்ததாகச் சிசெரோ பதிவுசெய்துள்ளார்.

கல் எவ்வாறு புகழை மிகைப்படுத்தும் என்பதைத் துசிடிடீஸ் முன்னரே உணர்ந்திருந்தார். ஸ்பார்ட்டாவும் ஏதென்ஸும் பாழடைந்தால், எஞ்சும் இடிபாடுகளைக் காண்போர் ஸ்பார்ட்டாவின் ஆற்றலைக் குறைத்தும் ஏதென்ஸின் ஆற்றலை இருமடங்காகவும் மதிப்பிடுவர் என்று அவர் எழுதியுள்ளார். பிற்கால வரலாறு இக்கணிப்பை மெய்ப்பித்தது.

பெரிக்கிளீஸின் சிலை வடிவமும் இவ்வாறே எஞ்சிற்று. சிற்பி கிரேசிலஸ் அவரது உருவத்தைச் செய்ததாக மூத்த பிளினி குறிப்பிடுகிறார். அதன் உரோமைப் படிகளாகக் கருதப்படும் தலைக்கவசமணிந்த மார்புருவங்கள் 18ஆம் நூற்றாண்டில் திவோலியில் கிடைத்தன. இன்று வத்திக்கானிலும் பிரித்தானிய அருங்காட்சியகத்திலும் உள்ளன. நீண்ட தலையை மறைக்கவே சிற்பிகள் கவசம் அணிவித்தனர் என்பது புளூட்டார்க்கின் விளக்கம். கவசம் படைத்தலைவர் பதவியின் அடையாளம் என்பதே இன்றைய ஆய்வாளர் பலரின் கருத்து. நாடக மேடையின் கேலி ஒரு சிற்பத்தின் விளக்கத்தையும் எவ்வாறு பாதித்தது என்பதை இது காட்டுகிறது.

புகழின் மறைவு

இடைக்காலத்தில் கிரேக்க வரலாற்று நூல்களைப் பைசாந்தியப் படியெடுப்போர் காத்துவந்தனர். அரபு மொழிபெயர்ப்பாளர்களின் நாட்டம் தத்துவம், மருத்துவம், கணிதம் ஆகியவற்றில் இருந்தது. கிரேக்க வரலாற்றாசிரியர்களிடம் அவ்வளவாகச் செல்லவில்லை. மேற்கு ஐரோப்பாவில் கிரேக்கம் படிப்போர் அரிதாயினர். லொரென்சோ வல்லா 1452இல் துசிடிடீஸை இலத்தீனில் முழுமையாக மொழிபெயர்த்த பின்னரே அந்நூல் பரவலாகப் படிக்கப்பட்டது. அதற்கு முன்னரே, கிரேக்கம் கற்ற லியோனார்டோ புரூனி 1428இல் நான்னி ஸ்ட்ரோசி என்னும் ஃபுளோரன்ஸ் படைத்தலைவர்க்கு எழுதிய இரங்கலுரையில் பெரிக்கிளீஸின் உரையைப் பின்பற்றினார்.

நூல்கள் கிடைத்த பின்னரும் பெரிக்கிளீஸின் பெயர் ஓங்கவில்லை. மாக்கியவெல்லி, பணமே போரின் வலிமை என்று நம்பியோர் பிழைத்ததற்குச் சான்றாக அவரைக் காட்டினார். 1629இல் துசிடிடீஸை ஆங்கிலத்தில் வெளியிட்ட தாமஸ் ஹாப்ஸ், மக்களாட்சியின்மீது துசிடிடீஸுக்கு நாட்டமில்லை என்றும், பெயரால் மக்களாட்சியாகவும் உண்மையில் முடியாட்சியாகவும் பெரிக்கிளீஸ் காலத்தில் இருந்ததையே அவர் பாராட்டினார் என்றும் முன்னுரையில் விளக்கினார். ஷேக்ஸ்பியரின் பெயரால் வழங்கும் ‘பெரிக்கிளீஸ்’ நாடகத்தின் தலைவனும் டயர் நகர இளவரசனே. ஏதென்ஸ் தலைவர் அல்லர்.

18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர் பெரிதும் போற்றிய கிரேக்க அரசியலாளர்கள் சோலோனும் ஸ்பார்ட்டாவின் லைக்கர்கஸும் ஆவர். சட்டம் அளித்தவர்கள் என்ற நிலையில் அவர்கள் மதிக்கப்பட்டனர். மக்களாட்சி என்னும் சொல் அன்று கூட்டத்தின் கட்டற்ற ஆட்சியையே நினைவூட்டிற்று. அமெரிக்க அரசமைப்பை ஆதரித்து 1787இல் எழுதப்பட்ட ‘ஃபெடரலிஸ்ட்’ கட்டுரைகளுள் ஆறாவதில் அலெக்சாண்டர் ஹாமில்டன், தனிப்பட்ட பகையாலும் ஒரு பெண்ணின் சினத்தைத் தணிக்கவும் நாட்டைப் போரில் ஈடுபடுத்திய தலைவருக்கு முதற்சான்றாகப் பெரிக்கிளீஸைக் காட்டுகிறார். ஏதென்ஸ் நாடக மேடையில் வளர்ந்த அஸ்பேசியா பற்றிய ஏளனம், புளூட்டார்க்கின் வழியாக இரண்டாயிரம் ஆண்டுகளைக் கடந்து, புதிய குடியரசு ஒன்றின் அரசமைப்பு விவாதத்தில் வரலாற்று உண்மையாக முன்வைக்கப்பட்டது.

புகழின் மீட்பு

மீட்பு முதலில் கலையின் வழியே தொடங்கிற்று. வோல்ட்டேர் 1751இல் வெளியிட்ட ‘பதினான்காம் லூயியின் நூற்றாண்டு’ நூலில் மனித வரலாற்றின் நான்கு பொற்காலங்களுள் முதலாவதைக் கிரேக்கத்திற்கு அளித்தார். ஆயினும் அக்காலத்தை ஃபிலிப், அலெக்சாண்டர் பெயர்களாலும் குறித்து, பெரிக்கிளீஸை அதனுள் ஒருவராகவே வைத்தார். விங்கெல்மான் 1764இல் எழுதிய பழங்காலக் கலை வரலாறு, கிரேக்கக் கலையின் மேன்மையை அரசியல் விடுதலையோடு இணைத்தது. ஸ்டூவர்ட், ரெவெட் ஆகியோரின் அளவீட்டு வரைபடங்கள் ஏதென்ஸ் கட்டடங்களை ஐரோப்பியர் கண்முன் நிறுத்தின. 1816இல் பார்த்தெனான் சிற்பங்களைப் பிரித்தானிய நாடாளுமன்றம் விலைக்கு வாங்கியபின் அவை இலண்டனில் காட்சிக்கு வந்தன.

அரசியல் மீட்பை நிறைவேற்றியவர் ஜார்ஜ் குரோட். இவர் வங்கியாளர்; 1832 முதல் 1841 வரை நாடாளுமன்ற உறுப்பினர்; மறைவாக்கெடுப்பைத் தொடர்ந்து வலியுறுத்தியவர். 1846 முதல் 1856 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்த இவரது ‘கிரேக்க வரலாறு’, ஏதென்ஸ் மக்களாட்சியைப் பழித்த பழைய ஆசிரியர்கள் பெரும்பாலும் மேட்டுக்குடிச் சார்புடையோர் என்பதைச் சுட்டி, அவர்கள் கூற்றுகளை ஐயத்துடன் ஆராய்ந்தது. பெரிக்கிளீஸ் மக்களைக் கெடுத்தவர் என்னும் பிளாட்டோவின் கருத்து இதனால் வலிமை இழந்தது. இங்கிலாந்தில் வாக்குரிமை விரிவு பற்றிய விவாதம் நடந்த காலத்தில் இந்நூல் எழுந்தது என்பதை மறத்தல் கூடாது. பெரிக்கிளீஸைப் பற்றிய புதிய சான்று எதுவும் அப்போது கிடைத்துவிடவில்லை; மக்களாட்சி பற்றிய மதிப்பே மாறியிருந்தது.

1863 நவம்பர் 19 அன்று கெட்டிஸ்பர்க் இடுகாட்டில் எட்வர்ட் எவரெட் ஆற்றிய நெடிய உரை, போரில் மாண்டோரை ஏதென்ஸ் அடக்கம் செய்த முறையை நினைவுகூர்ந்து தொடங்கிற்று. அவரையடுத்து ஆபிரகாம் லிங்கன் ஆற்றிய மிகச் சுருக்கமான உரையைக் கேரி வில்ஸ் முதலிய அறிஞர்கள் பெரிக்கிளீஸின் இரங்கலுரையோடு ஒப்பிட்டுள்ளனர். முன்னோரிலிருந்து தொடங்கி, மாண்டோரைப் போற்றி, உயிரோடிருப்போரின் கடமையில் முடியும் அமைப்பு இரண்டிற்கும் பொது.

இருபதாம் நூற்றாண்டும் பின்னும்

முதல் உலகப்போரின்போது இலண்டன் பேருந்துகளில் இரங்கலுரையின் பகுதிகள் விளம்பரத் தாள்களாக ஒட்டப்பட்டன. இறந்தோர்க்கான உரை உயிரோடிருப்போரைப் போருக்கு ஊக்கும் கருவியாயிற்று. நாஜி ஆட்சிக்கால ஜெர்மனியில், அவ்வாட்சியை ஆதரித்த வரலாற்றாசிரியர் ஹெல்முட் பெர்வே 1940இல் பெரிக்கிளீஸைப் பற்றித் தனிநூல் வெளியிட்டார். அதில் முதன்மை பெற்றது தலைவரின் ஆளுமையே. நாஜி ஆட்சியால் நாடிழந்த கார்ல் பாப்பர் 1945இல் வெளியிட்ட ‘திறந்த சமூகமும் அதன் எதிரிகளும்’ நூலிலோ, பிளாட்டோவுக்கு எதிர்முனையில் நின்று திறந்த சமூகத்தைக் காக்கும் குரலாகப் பெரிக்கிளீஸ் தோன்றுகிறார். ஐந்தாண்டு இடைவெளியில் ஒரே மனிதர் முற்றிலும் எதிரெதிரான இரு நோக்கங்களுக்குத் துணையாக அழைக்கப்பட்டார்.

2003இல் உருவான ஐரோப்பிய ஒன்றிய அரசமைப்பு வரைவின் முகவுரை, இரங்கலுரையில் மக்களாட்சியை வரையறுக்கும் தொடரைக் கிரேக்க மொழியிலேயே தலைப்பில் ஏந்தியிருந்தது. 2004இல் கையெழுத்தான ஒப்பந்தத்தில் அத்தொடர் நீக்கப்பட்டது. இத்தாலிய அறிஞர் லூசியானோ கன்ஃபோரா, துசிடிடீஸ் அத்தொடரைக் கையாண்ட சூழலை மறந்து அது பயன்படுத்தப்பட்டதைக் கண்டித்தார்.

புகழ் மறைத்தவை

நிகோல் லொரோ 1981இல் வெளியிட்ட ஆய்வு, இரங்கலுரை என்னும் வகையே ஏதென்ஸ் தன்னைப் பற்றிய ஒரு கற்பனை உருவத்தைப் படைத்துக்கொண்ட வழி என்று விளக்கிற்று. வின்சென்ட் அசூலே 2010இல் எழுதிய நூல், பெரிக்கிளீஸின் வாழ்வோடு அவரது புகழின் ஏற்றத்தாழ்வையும் ஆராய்ந்தது. இவ்வாய்வுகளுக்குப் பின்னர், புகழ் எவற்றை மறைத்தது என்னும் வினாவைத் தவிர்க்க இயலாது.

முதலாவது, இரங்கலுரை போற்றும் சமநிலை குடியுரிமை பெற்ற ஆண்களுக்கே உரியது. பெண்களும் அடிமைகளும் ‘மெட்டிக்’ எனப்பட்ட குடியேறியவர்களும் அதற்கு வெளியே நின்றனர். மாண்ட ஆடவர்க்கு அழியாப் புகழை உறுதியளிக்கும் அதே உரை, அவர்தம் கைம்பெண்களுக்கு, ஆடவர் நடுவே நல்லதாகவோ தீயதாகவோ பேசப்படாதிருப்பதே புகழ் என்று அறிவுறுத்துகிறது.

இரண்டாவது, கூட்டாளி நகரங்களின் நிலை. கி.மு. 454/453 முதல் திறையில் அறுபதில் ஒரு பங்கு ஏதீனா தெய்வத்திற்கு ஒதுக்கப்பட்டதைப் பொறித்த கற்பலகைகள் துண்டுகளாகக் கிடைத்துள்ளன. எந்தெந்த நகரம் எவ்வளவு செலுத்திற்று என்பதை அவை காட்டுகின்றன. பெரிக்கிளீஸ் காலத்தைப் பற்றிய, எந்த ஆசிரியரின் விருப்பு வெறுப்பும் படியாத சான்றுகள் இவையே.

மூன்றாவது, குடியுரிமைச் சட்டத்தின் விளைவு. கொள்ளைநோயில் பெரிக்கிளீஸின் முறையான புதல்வர் இருவரும் மாண்டனர். அஸ்பேசியா மிலேட்டஸைச் சேர்ந்தவராதலால் அவர்தம் மகனுக்குத் தந்தை இயற்றிய சட்டப்படியே குடியுரிமை இல்லை. பெரிக்கிளீஸ் மக்களிடம் விலக்கு வேண்டிப் பெற்றார். தந்தையின் பெயர் தாங்கிய அம்மகன் கி.மு. 406இல் அர்கினூசே கடற்போரில் வென்ற படைத்தலைவர்களுள் ஒருவராகி, கடலில் தத்தளித்தோரை மீட்கத் தவறியதாக மக்கள் மன்றத்தால் மரண தண்டனை விதிக்கப்பட்டார். தந்தை வளர்த்த மன்றமே மகனைக் கொன்றது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

• பெரிக்கிளீஸின் புகழ் இடையறாது வந்த மரபு அன்று. அது துசிடிடீஸால் ஆக்கப்பட்டு, பிளாட்டோவால் மறுக்கப்பட்டு, புளூட்டார்க்கால் காக்கப்பட்டு, நெடுங்காலம் மங்கியிருந்து, 19ஆம் நூற்றாண்டில் மீண்டது.

• அம்மீட்புக்குக் காரணம் புதிய சான்றுகள் அல்ல. மக்களாட்சி என்னும் சொல் இழிபொருளிலிருந்து உயர்பொருளுக்கு மாறியதே காரணம். அச்சொல்லின் ஏற்றத்தோடு அவர் பெயரும் ஏறிற்று.

• சூழலிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட ஓர் உரையே அப்புகழைப் பெரிதும் தாங்குகிறது. அவ்வுரையை அதற்குப் பின்வரும் கொள்ளைநோய்ப் பகுதியோடும், ஆட்சியைக் கொடுங்கோன்மையோடு ஒப்பிடும் மூன்றாம் உரையோடும் சேர்த்துப் படிப்பதே முறையாகும்.

• எள்ளலாக எழுந்த கூற்றுகள் காலப்போக்கில் வரலாற்றுச் செய்திகளாக மாறக்கூடும். ஒரு கூற்று எந்த வகை நூலில் முதலில் தோன்றிற்று என்பதை அறியாமல் அதனைச் சான்றாகக் கொள்ளலாகாது.

பெரிக்கிளீஸைப் பற்றிய இம்முடிவுகள் அவரது செயல்களின் மதிப்பைக் குறைப்பன அல்ல. ஏழைக் குடிமகனுக்கு நீதிமன்றத்தில் இடமளித்ததும், கூட்டாளிகளின் திறையைத் தன் நகருக்காகப் பயன்படுத்தியதும் ஒரே ஆட்சியின் செயல்கள். இரண்டையும் ஒருங்கே காண மறுக்கும் புகழுரையும் இகழுரையும் வரலாற்றாய்வுக்குப் போதுமானவை ஆகா.